எட்டு மாதமான பக்கவாதத்துக்கு சைக்கடெலிக் மருந்து உதவுமா?

கேள்வி: அப்பாவுக்கு வயது 61. பக்கவாதம் வந்து எட்டு மாதமாகிறது. நடக்கிறார், பேசுகிறார். வலது கைவிரல்கள்தான் சரியாக விரிவதில்லை. மூளையின் ‘கற்கும் பருவத்தை’ சைக்கடெலிக் மருந்துகள் (எல்எஸ்டி போல மனத்தோற்றங்களை உண்டாக்குபவை) மறுபடி திறக்கும் என்று படித்தேன். அவருக்குக் கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். நீங்கள் படித்தது பொய்யில்லை, ஆனால் அது சுண்டெலிகளில் கண்டது. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் குல் டோலன் குழுவினர் 2023இல் வெளியிட்ட ஆய்வு அது. கூட்டாளிகளோடு இருந்த இடத்தை விரும்பப் பழகும் திறன் எலிகளுக்கு இளமையோடு போய்விடும். மருந்து கொடுத்ததும் வளர்ந்த எலிகளுக்கு அது திரும்பியது: மயக்க மருந்தான கெட்டமைனில் இரண்டு நாள், ஒருவகைக் காளானில் உள்ள சைலோசைபினில் இரண்டு வாரம், எல்எஸ்டியில் மூன்று வாரம். அவர்கள் சோதித்தது பழகும் குணத்தை, கை அசைவை அல்ல.

2019இல் எம்டிஎம்ஏ என்ற போதை மருந்தை வைத்து அதே குழு செய்த ஆய்வில் இன்னொரு விஷயம் இருக்கிறது. மருந்து கொடுத்துத் தனியே அடைத்த எலிகளுக்குப் பலனில்லை, மற்ற எலிகளோடு விட்டவற்றுக்கே பலன் கிடைத்தது. அதாவது மருந்து மட்டும் போதவில்லை. இதைப் பெரும்பாலோர் சொல்வதே இல்லை.

அப்புறம், இவற்றில் பல ரத்த அழுத்தத்தை ஏற்றுபவை. ஒருமுறை பக்கவாதம் வந்தவரிடம் அந்த விஷப்பரீட்சை கூடாது. எல்எஸ்டி, சைலோசைபின், எம்டிஎம்ஏ மூன்றும் இந்தியாவில் 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்துக்குள் வருகின்றன.

சரி, எட்டு மாதம் தாமதமா? 2021இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 72 பேர் பங்கேற்றார்கள். கூடுதலாக 20 மணி நேரக் கைப்பயிற்சியை இரண்டு, மூன்று மாதத்தில் தொடங்கியவர்களே அதிகம் தேறினார்கள். ஆறு மாதத்துக்குப் பின் தொடங்கியவர்களிடம் பெரிய மாற்றமில்லை. ஆனால் லண்டன் குயின் ஸ்கொயர் மருத்துவமனையில் மூன்றே வாரத்தில் 90 மணி நேரம் கொடுத்தார்கள். பாதிப்பேருக்குப் பக்கவாதம் வந்து ஒன்றரை வருடம் தாண்டியிருந்தது. அப்படியும் தேறினார்கள், ஆறு மாதம் கழித்தும் அது நிலைத்தது. ஒப்பிட வேறு குழு இல்லாதது அந்த ஆய்வின் குறைதான். இருந்தாலும் வாரம் இரண்டு தடவை அரைமணி நேர பிசியோதெரபியோடு அதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

பிசியோதெரபிஸ்டிடம் ஒன்று கேளுங்கள்: மணிக்கட்டும் விரல்களும் தாமாகப் பத்து டிகிரியாவது விரிகின்றனவா? விரிந்தால், நல்ல கைக்கு உறை மாட்டிவிட்டு வலது கையால் மட்டும் வேலை செய்யவைக்கும் பயிற்சியை முயலலாம். விறைப்புதான் தடை என்றால் நரம்பியல் மருத்துவரிடம் தசையைத் தளர்த்தும் போட்டாக்ஸ் ஊசி பற்றிக் கேளுங்கள். அந்தத் தளர்வு சுமார் மூன்று மாதம் இருக்கும். பயிற்சி நேரத்தை முன்பே ஏற்பாடு செய்துவிட்டு ஊசிக்குத் தேதி வாங்குங்கள்.