அடுப்படியில் டவர் எடுக்குமா?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: கடலூர் முதுநகரில் இருக்கிறேன், ஓய்வுபெற்ற ஆசிரியர். இன்றுவரை பட்டன் போன்தான். பேரனை வீடியோவில் பார்க்கலாம், டச் போன் வாங்குங்கள் என்கிறாள் மகள். மாதாமாதம் முந்நூறு ரூபாய் அழவேண்டுமே என்று தயங்குகிறேன். எனக்கு வேண்டியது பேச்சும், பென்ஷன் ஏறிய மெசேஜும்தான்.

பதில்: சார், டச் போன் வாங்கினால் நெட் பேக்கும் போட்டே ஆகவேண்டும் என்று எங்கேயும் சட்டம் இல்லை. வீட்டில் வைஃபை இருந்தால் பேரன் அதிலேயே வந்துவிடுவான், சிம்முக்குப் பேசுவதற்கு மட்டும் ரீசார்ஜ் செய்தால் போதும். பேச்சும் எஸ்.எம்.எஸ்ஸும் மட்டும் உள்ள திட்டத்தைக் கட்டாயம் தரவேண்டும் என்று 2024 டிசம்பரில் டிராய், அதாவது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம், உத்தரவு போட்டது, 2025 ஜனவரியில் கம்பெனிகள் கொண்டுவந்தன. 84 நாளுக்கு ஏர்டெல் 469 ரூபாய், ஜியோ 448 ரூபாய் என்று அப்போது விலை வைத்தார்கள், நீங்கள் படிக்கும்போது மாறியிருந்தால் என்னைத் திட்டாதீர்கள். கடையில் அவர்களாக வாய் திறக்கமாட்டார்கள். "நெட் இல்லாத வாய்ஸ் பிளான்" என்று நீங்கள்தான் கேட்கவேண்டும், "அதெல்லாம் வர்றதில்ல சார்" என்றால் அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள். வருகிற மெசேஜுக்குக் காசு கிடையாது, பென்ஷன் மெசேஜ், ஓ.டி.பி. எல்லாம் வரும். வாசலைத் தாண்டினால் வாட்ஸ்அப் நின்றுவிடும், கடையில் ஸ்கேன் செய்து பணம் கட்டமுடியாது, அவ்வளவுதான் குறை. காய்கறி வாங்கச் சட்டைப்பையில் சில்லறையோடு போகிறவர் என்றால் அதுவும் குறையில்லை.

வீட்டில் வைஃபை இல்லை, பேரனுக்காக அதைப் போடுகிற எண்ணமும் இல்லை என்றால் இந்தக் கணக்கு செல்லாது, சாதாரண நெட் பேக்கே போட்டுக்கொள்ளுங்கள். பட்டன் போனை மட்டும் தூக்கிப்போட்டுவிடாதீர்கள், கடைசிக் கேள்வியில் அதற்கு வேலை இருக்கிறது.

கேள்வி: ஊர் பண்ருட்டி, படிப்பது புதுச்சேரியில், லாஸ்பேட்டையில் அறை. 12,000 ரூபாய்க்குள் நல்ல 5ஜி போன் எது? எந்த சிம் போடலாம்?

பதில்: தம்பி, கேள்வியைத் திருப்பிப் போடுங்கள். முதலில் சிம், பிறகு திட்டம், கடைசியில்தான் போன்.

சொந்தக் கதை ஒன்று. நேரு வீதியில் ஒரு கம்பெனி குடை போட்டு உட்கார்ந்திருந்தது, அங்கேயே நின்று போனைப் பார்த்தேன், டவர் முழுசாக நின்றது, அந்த இடத்திலேயே வீட்டு போன் எண் இரண்டையும் அந்தக் கம்பெனிக்கு மாற்றிவிட்டேன். வீட்டுக்கு வந்தால் அடுப்படியில் ஒரு கோடுகூட இல்லை. ஜன்னல் கம்பிக்கும் உப்பு ஜாடிக்கும் நடுவில் ஒரு சாண் இடத்தில் மட்டும் எடுக்கும். போன் அங்கேயே குடியிருந்தது, மணி அடித்தால் என் மனைவி கரண்டியும் கையுமாகப் படிக்கட்டுக்கு ஓடி "ஹலோ, கேக்குதா" என்பார். 90 நாள் ஆகாமல் வேறு கம்பெனிக்கு மாறமுடியாது என்பதால் மூன்று மாதம் அந்த ஓட்டம் ஓடினார், நானும் மூன்று மாதம் அதைக் காதில் வாங்கிக்கொண்டேன்.

அதனால் நீங்கள் படுக்கிற கட்டிலில் உட்கார்ந்து சோதியுங்கள். அறைத் தோழர்களிடம் வேறு வேறு சிம் இருக்கும், ராத்திரி 9 மணிக்கு, பக்கத்து அறையெல்லாம் ரீல்ஸ் பார்க்கிற நேரத்தில், ஒவ்வொரு போனாக வாங்கி ஒரு கால் பேசுங்கள், ஒரு வீடியோ ஓடவிடுங்கள். கோடு நாலும் நிற்கும், வீடியோ சுற்றிக்கொண்டே இருக்கும். டவர் காதுக்குக் கேட்கிறது என்றுதான் கோடு சொல்லும், அங்கே கூட்டம் எவ்வளவு என்று சொல்லாது. 5ஜி பெரும்பாலும் ஓடுகிற 3500 மெகாஹெர்ட்ஸ் அலைக்கு கான்கிரீட் சுவர் என்றால் கொஞ்சம் அலர்ஜி, மாடியில் பறப்பது அறைக்குள் தவழும்.

அடுத்தது திட்டம். 28 நாளுக்கு 299 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் வருஷத்துக்கு 12 முறை அல்ல, 13 முறை போடவேண்டும், 3,887 ரூபாய். மூன்று வருஷத்தில் 11,661. அதாவது இன்னொரு போன்! போனுக்கு ஒரு மாதம் யூடியூபில் ஆராய்ச்சி செய்கிறோம், ரீசார்ஜைக் கடைப் பையன் அழுத்துகிற பொத்தானுக்கு விட்டுவிடுகிறோம். விலையை நாளால் வகுத்துப் பாருங்கள், மற்ற விளம்பரத்தை மறந்துவிடுங்கள். 2024 ஜூலையில் விலை ஏற்றியபோது ஜியோவும் ஏர்டெல்லும் அளவில்லா 5ஜியை நாளுக்கு 2 ஜி.பி. அல்லது அதற்கு மேல் உள்ள திட்டங்களோடு நிறுத்திக்கொண்டன. ஒன்றரை ஜி.பி. திட்டத்தைப் போட்டுவிட்டு 5ஜி போனைக் கையில் வைத்திருப்பது ஏ.சி. பஸ்ஸில் ஏறி ஜன்னலைத் திறந்து உட்கார்வது மாதிரி. போன மாதம் எத்தனை ஜி.பி. செலவானது என்று செட்டிங்ஸில் இருக்கும், அதைப் பார்த்தால் எது வேண்டும் என்று தெரிந்துவிடும்.

போனைப் பொறுத்தவரை மாடல் பெயர் சொல்லமாட்டேன், இதழ் அச்சாவதற்குள் அது பழசாகிவிடும். எத்தனை வருஷம் அப்டேட் தருவார்கள், சர்வீஸ் சென்டர் புதுச்சேரியிலேயே இருக்கிறதா, இந்த இரண்டையும் கேட்டுவிட்டுப் பிறகு கேமராவுக்குப் போங்கள். ஜியோ என்றால் 5ஜி ஸ்டாண்டலோன், அதாவது 4ஜி துணையில்லாமல் தனியாக ஓடும் 5ஜி, இருக்கவேண்டும். பி.எஸ்.என்.எல். என்றால் பேண்ட் 28, அதாவது 700 மெகாஹெர்ட்ஸ் அலை, இருக்கிறதா பாருங்கள், அவர்களுடைய 4ஜி அதிலும் வருகிறது, அது இல்லாத போனை வைத்துக்கொண்டு பி.எஸ்.என்.எல்லைத் திட்டிப் பயனில்லை.

ஞாயிறு சந்தையில் செகண்ட் ஹேண்ட் வாங்குகிற யோசனை இருந்தால், *#06# அடித்து வருகிற ஐ.எம்.இ.ஐ. எண்ணை (ஒவ்வொரு போனுக்கும் உள்ள அடையாள எண்), முன்னால் கே.ஒய்.எம். என்று ஆங்கிலத்தில் போட்டு 14422-க்கு எஸ்.எம்.எஸ். அனுப்புங்கள். திருட்டுப் போன் என்று முடக்கியிருந்தால் பதிலிலேயே தெரிந்துவிடும். பில் இல்லாத போன் எவ்வளவு மலிவாக வந்தாலும் வேண்டாம் தம்பி.

கேள்வி: வீடு பாகூர், வேலை கடலூர் சிப்காட்டில். தினமும் எல்லை தாண்டுகிறேனே, ரோமிங் போடுவார்களா?

பதில்: மாட்டார்கள். சரக்கு விலைதான் எல்லை தாண்டினால் மாறும், டவர் மாறாது! போன் கம்பெனிகள் நாட்டைப் பிரித்திருக்கிற கணக்கில் புதுச்சேரியும் காரைக்காலும் தமிழ்நாடு வட்டத்துக்குள்தான் வருகின்றன. மாஹே கேரளத்தோடு, ஏனாம் ஆந்திரத்தோடு. கம்பெனி மாறுவதாக இருந்தாலும் கடலூர், புதுச்சேரி எந்த ஊர்க் கடையிலும் மாறலாம். போர்ட் என்று ஆங்கிலத்தில் அடித்து, இடம் விட்டு உங்கள் எண்ணைப் போட்டு 1900-க்கு அனுப்பினால் ஒரு குறியீடு வரும், அதற்கு 4 நாள்தான் ஆயுள். பழைய ரீசார்ஜில் மிச்சம் இருப்பது போனதுதான், அது தீர்கிற வாரத்தில் மாறுங்கள்.

கேள்வி: அரியாங்குப்பம். மகன் பிரான்சில் இருக்கிறான். அவனுடைய இந்திய எண் வங்கிக்குக் கொடுத்தது, அதை இங்கே என் போனில் போட்டு வைத்திருக்கிறேன். ரீசார்ஜ் செய்யாவிட்டால் என்ன ஆகும்?

பதில்: 90 நாள் எதற்கும் பயன்படாமல் கிடந்தால் கம்பெனி எண்ணைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம், பிறகு அது வேறு யாருக்காவது போய்விடும் அம்மா. கணக்கில் 20 ரூபாய் இருந்தால் அதைக் கழித்துக்கொண்டு இன்னும் 30 நாள் வைத்திருப்பார்கள். ஆனால் எண் உயிரோடு இருப்பது வேறு, ஓ.டி.பி. வருவது வேறு. மேலே ஆசிரியருக்குச் சொன்ன வாய்ஸ் பிளானில் நீண்ட நாள் வருகிறதாகப் போட்டுவிட்டு, முடிகிற தேதியைக் காலண்டரில் குறித்துவையுங்கள்.

கேள்வி: தேவனாம்பட்டினத்தில் வீடு. புயல் வந்தால் எந்த சிம் வேலை செய்யும்?

பதில்: எதையும் நம்பாதீர்கள். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் வந்தபோது கடலூர் இருந்த இருப்பு உங்களுக்கே தெரியும். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. கரண்ட் போனால் டவர் பேட்டரியிலும் டீசலிலும் ஓடும், டீசல் வண்டி தண்ணீரில் வரமுடியாவிட்டால் அதுவும் படுத்துவிடும். இரண்டு கம்பெனி சிம் வைப்பது நல்லதுதான், ஆனால் பல கம்பெனிகள் ஒரே கம்பத்தில் வாடகைக்கு இருக்கின்றன, கம்பம் படுத்தால் இரண்டும் சேர்ந்தே படுக்கும்.

இங்கேதான் பட்டன் போன். ஒரு தடவை சார்ஜ் போட்டால் நாலைந்து நாள் தாங்கும். பழைய 2ஜி பட்டன் போனில் ஜியோ சிம் வேலை செய்யாது, அவர்களிடம் 2ஜி கிடையாது. ஏர்டெல், வி (வோடஃபோன் ஐடியா), பி.எஸ்.என்.எல். இவற்றில் ஒன்றைப் போடுங்கள். ஐப்பசி பிறந்ததும் ஒருமுறை சார்ஜ் ஏற்றி, அதிலிருந்து ஒரு கால் பேசிப் பார்த்துவிட்டு, ரேஷன் கார்டு இருக்கிற அதே பிளாஸ்டிக் பையில் போட்டுவையுங்கள்.