தனிமையின் தாழ்வாரம் – கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் வேலை செய்கிறேன். வயது 24. இரண்டு வருடமாகக் கவிதை எழுதுகிறேன். போனில் அறுபதுக்கு மேல் சேர்ந்துவிட்டது. நண்பர்கள் நன்றாக இருக்கிறது என்கிறார்கள், பத்திரிகைக்கு அனுப்பினால் பதிலே வருவதில்லை. யாப்பு தெரியாமல் கவிதை எழுதலாமா? மற்றவர்களை நிறையப் படித்தால் அவர்கள் சாயல் வந்துவிடாதா? நான் எழுதியதில் ஒன்று இப்படித் தொடங்குகிறது:

தனிமையின் தாழ்வாரத்தில்
நினைவுகளின் ஊர்வலம்
மௌனத்தின் மொழியில்
பேசுகிறது என் வலி

தினமும் பத்து மணி நேரம் டியூப்லைட்டுக்குக் கீழே நிற்கும் வேலை. இப்போதெல்லாம் பஸ்ஸில் போனால்கூட, முன்னால் நிற்பவர் சட்டையில் தையல் விட்டிருக்கிறதா என்றுதான் கண் தேடுகிறது. எழுத நேரமும் அதிகம் கிடைப்பதில்லை.

க., திருப்பூர்

அன்புள்ள க.,

பத்திரிகைகளில் இருந்து பதில் வராததற்குக் காரணம் அந்த ‘இன்’ என்று நினைக்கிறேன். நான்கு வரியில் மூன்று இடத்தில் இருக்கிறது. இடது பக்கம் கண்ணால் பார்க்க முடியாத ஒன்று, வலது பக்கம் பார்க்கவோ கேட்கவோ முடிந்த ஒன்று, நடுவில் ஒரு ‘இன்’. சரி, இடம் மாற்றிப் பாருங்கள்: மௌனத்தின் தாழ்வாரத்தில், தனிமையின் ஊர்வலம், நினைவுகளின் மொழியில். ஏதாவது குறைந்ததா? இல்லை. எதை எங்கே வைத்தாலும் பொருந்துகிறது என்றால் எதுவும் எங்கும் பொருந்தவில்லை என்றுதான் பொருள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நான் ஒரு நோட்டுப் புத்தகம் முழுக்க இப்படி எழுதியிருக்கிறேன்.

குறுந்தொகையில் 167-வது பாட்டை எடுத்துப் படியுங்கள். மொத்தம் ஆறு அடி. கூடலூர் கிழார் பாடியது. புதிதாக மணமாகிப் போன பெண்ணின் வீட்டைப் பார்த்துவிட்டு வந்த செவிலித்தாய், அதாவது அவளை வளர்த்தவள், பெற்ற தாயிடம் சொல்கிறாள். பெண் முற்றிய தயிரைப் பிசைந்த விரலைச் சேலையிலேயே துடைத்துக்கொள்கிறாள், அதைத் துவைக்காமல் அப்படியே உடுத்தியிருக்கிறாள். தாளிப்புப் புகை மை தீட்டிய கண்ணில் ஏறுகிறது. தானே துழாவிச் சமைத்த புளிக்குழம்பைக் கணவன் ‘இனிது’ என்று சொல்லிச் சாப்பிடுகிறான். ‘நுண்ணிதின் மகிழ்ந்தன்று ஒண்ணுதல் முகனே’, அவள் முகம் நுட்பமாக மகிழ்ந்தது. அவ்வளவுதான் பாட்டு.

காதல், அன்பு என்ற சொற்களே அதில் இல்லை. தயிர் பட்ட சேலை இருக்கிறது. சமைத்துப் பழகாத பெண் என்று யாரும் சொல்லவில்லை, ஆனால் அந்தச் சேலையைப் பார்த்தால் நமக்குத் தெரிந்துவிடுகிறது. அப்புறம் அந்த ‘நுண்ணிதின்’. வாய்விட்டுச் சிரித்திருந்தால் பக்கத்தில் இருந்த எல்லோருக்கும் தெரிந்திருக்கும். இது கூர்ந்து பார்த்த ஒருத்திக்கு மட்டும் தெரிந்த மகிழ்ச்சி. அந்தப் பெண்ணை வளர்த்தவள் இவள், அதனால் தெரிகிறது.

யாப்புக்கு வருகிறேன். கவிதைக்கு யாப்பு வேண்டுமா என்ற சண்டை, சி.சு. செல்லப்பா 1959-ல் ‘எழுத்து’ பத்திரிகையைத் தொடங்கிய காலத்திலேயே பலமாக நடந்தது. அதில் வந்த, யாப்பில்லாத புதுக்கவிதைகளில் இருந்து 1962-ல் ‘புதுக்குரல்கள்’ தொகுப்பும் வந்துவிட்டது. யாப்பில்லாமல் எழுதலாமா என்று இன்று யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஆனாலும் ஒரு மாதம் வெண்பா எழுதிப் பாருங்கள் என்பேன். ஒரு சீர் முடிந்தால் அடுத்த சீர் எப்படித் தொடங்க வேண்டும் என்பதற்கு மூன்றே விதி: மாமுன் நிரை, விளமுன் நேர், காய்முன் நேர். கடைசி அடியில் மூன்றே சீர், கடைசிச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கு ஓசை அமைப்பில் ஒன்று. ஒரு சாயங்காலத்தில் பிடிபட்டுவிடும். நான் கரண்ட் பில்லுக்கும் பக்கத்து வீட்டு நாய்க்கும் வெண்பா எழுதினேன். ஒன்றுகூடத் தேறவில்லை. ஆனால் ஒரு சொல்லை எழுதும்போதே அது எவ்வளவு இடம் அடைக்கிறது என்று காது கேட்கப் பழகிவிட்டது. எழுதி முடித்ததும் அந்த வெண்பாக்களைக் கிழித்துப் போட்டுவிடலாம்.

சாயல் வரும். வரட்டும். ஒருவரை மட்டும் படித்தால்தான் ஆபத்து.

இன்னொன்று, இது என் சொந்த அவமானம். அப்பா இறந்த பிறகு அவர் சைக்கிளை நான் ஓட்ட ஆரம்பித்தேன். பெடல் சரியாக எட்டாது. சீட்டை இறக்க வீட்டில் யாருக்கும் மனம் வரவில்லை. அதைக் கவிதையாக எழுதி, முடிவில் அப்பா ஓர் ஆலமரம் என்று இரண்டு வரி சேர்த்து ஒரு சிறுபத்திரிகைக்கு அனுப்பினேன். ஆசிரியர் என்னிடம் கேட்காமலே ஆலமரத்தை வெட்டிவிட்டுப் பிரசுரித்தார். உயிரைப் பிடுங்கிவிட்டார் என்று இரண்டு வருடம் அவரோடு பேசவில்லை. இப்போது எதை எழுதினாலும் கடைசி இரண்டு வரியைக் கையால் மூடிவிட்டுப் படித்துப் பார்க்கிறேன். பெரும்பாலும் அவை தேவைப்படுவதில்லை.

உங்கள் அறுபதில் ஒன்றிலாவது பனியன் வருகிறதா? பத்து மணி நேரம் பார்க்கிறீர்களே, பிசிர், எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல் என்று. கடிதத்தில் நேரம் இல்லை என்று சொல்லும் சாக்கில் பஸ்ஸைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். நான் மூன்று முறை படித்தது அதைத்தான். அடுத்த முறை கவிதை அனுப்ப வேண்டாம், அந்தப் பஸ்ஸைப் பற்றி உரைநடையில் பத்து வரி அனுப்புங்கள். முன்னால் நின்றவர் சட்டையில் தையல் விட்டிருந்ததா இல்லையா?