விற்கும் வழியைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்

வாசகர் கேள்வி-பதில்: கிரிப்டோ

கேள்வி: முதல்முறையாக பிட்காயின் வாங்கப் போகிறேன். எந்த எக்ஸ்சேஞ்ச் (காயின் வாங்கி விற்கும் தளம்) நல்லது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? (இந்தியா)

பதில்: விளம்பரத்தை விட்டுவிட்டு, உங்கள் நாட்டின் கண்காணிப்பு அமைப்பு வெளியிடும் பட்டியலிலிருந்து தொடங்குங்கள். 2023 மார்ச் முதல் கிரிப்டோ நிறுவனங்கள் பணமோசடித் தடுப்புச் சட்டத்துக்குள் வந்துவிட்டன. அதனால் இந்தியர்களுக்குச் சேவை தரும் எக்ஸ்சேஞ்ச் எதுவும் நிதிப் புலனாய்வுப் பிரிவில் பதிவு செய்திருக்க வேண்டும். சிங்கப்பூரில் நாணய ஆணையம், மலேசியாவில் பங்கு ஆணையம், துபாயில் மெய்நிகர் சொத்து ஒழுங்குமுறை ஆணையமான வாரா, பிரிட்டனில் நிதி நடத்தை ஆணையமான எஃப்சிஏ ஆகியவற்றின் பட்டியலைப் பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் கிரிப்டோ சந்தைக்கான மைகா விதிகள் 2024 டிசம்பர் 30 முதல் முழுமையாக நடைமுறையில் உள்ளன. பட்டியலில் பெயர் இருப்பதால் உங்கள் பணத்துக்கு வங்கி டெபாசிட் போலக் காப்பீடு கிடைத்துவிடாது. அதே பெயரில் போலிச் செயலிகளும் உலவுகின்றன. பட்டியலில் தந்திருக்கும் இணைய முகவரி வழியாகவே உள்ளே போங்கள்.

அடுத்ததாக, பெரிய தொகை போடுவதற்கு முன் சிறு தொகையில் ஒரு முழுச் சுற்று போய்வாருங்கள். பணம் போட்டு, காயின் வாங்கி, அதை உங்கள் சொந்த வாலட்டுக்கு (காயினின் சாவியை நீங்களே வைத்திருக்கும் செயலி அல்லது கருவி) எடுத்து, திருப்பி அனுப்பி, விற்று, வங்கிக் கணக்கில் ரூபாயாக வாங்குங்கள். கட்டணமும் வரிப்பிடித்தமும் கொஞ்சம் போகும், போகட்டும். சில தளங்களில் வாங்கலாம், விற்கலாம், காயினை மட்டும் வெளியே எடுக்க முடியாது. இதைப் பலர் தேவைப்படும் நாளில்தான் கண்டுபிடிக்கிறார்கள்.

'உடனே வாங்கு' பொத்தானை அழுத்துமுன், அதே நொடியில் அந்தத் தளம் காட்டும் வாங்கும் விலையையும் விற்கும் விலையையும் ஒப்பிடுங்கள். 'கட்டணம் இல்லை' என்று சொல்லும் தளம் அந்த இடைவெளியில்தான் சம்பாதிக்கிறது. வாங்குவோர், விற்போர் கேட்கும் விலைகளைக் காட்டும் ஆர்டர் புத்தகத்தில், உங்கள் விலையை நீங்களே குறிக்கும் லிமிட் ஆர்டர் போட்டால் பெரும்பாலும் செலவு குறையும்.

கேள்வி: ஒரு காயினில் 60,000 ரூபாய் லாபம், இன்னொன்றில் 40,000 நஷ்டம். 20,000-க்கு மட்டும் வரி கட்டினால் போதுமா? (இந்தியா)

பதில்: போதாது. 2022 ஏப்ரல் 1 முதல் உள்ள விதிப்படி கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீத வரி, அதன்மேல் 4 சதவீத செஸ். ஒரு காயினின் நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்க முடியாது, அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோகவும் முடியாது. வாங்கிய விலையைத் தவிர வேறு செலவு எதையும் கழிக்க விடமாட்டார்கள். 1,00,000-க்கு வாங்கி 1,60,000-க்கு விற்றிருந்தால் வரி 18,000, செஸ் 720, ஆக 18,720. விற்றபோது 1 சதவீத டிடிஎஸ்ஸாக 1,600 பிடித்திருப்பார்கள். அதைக் கழித்தால் மீதி 17,120 ரூபாய். நஷ்டமான 40,000 உங்களோடு போயிற்று.

ஒரு காயினைக் கொடுத்து இன்னொரு காயின் வாங்குவதும் விற்பனைதான். ரூபாய் கைக்கே வரவில்லையே என்ற வாதம் எடுபடாது. வருமான வரிப் படிவத்தில் கிரிப்டோவுக்குத் தனி அட்டவணை இருக்கிறது. வாங்கிய தேதி, விற்ற தேதி, விலை எல்லாம் அதில் கேட்பார்கள். எக்ஸ்சேஞ்ச் மூடிப்போனால் அறிக்கையும் போய்விடும், எனவே மாதம் ஒருமுறை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பி2பி முறையில், அதாவது ஒரு தளத்தின் வழியாக இன்னொரு நபரிடம் நேரடியாக, யூஎஸ்டிடி (டாலர் மதிப்பை ஒட்டி நிற்கும் காயின்) விற்றேன். பணம் வந்தது. இரண்டு வாரம் கழித்து வங்கிக் கணக்கை முடக்கிவிட்டார்கள். ஏன்? (இந்தியா)

பதில்: உங்களுக்கு வந்த பணம் யாரோ ஒருவரிடம் ஏமாற்றிப் பறித்ததாக இருக்கலாம். அவர் 1930 எண்ணில் சைபர் குற்றப் புகார் தருகிறார். பணம் எந்தெந்தக் கணக்குகள் வழியாகப் போனதோ, அத்தனையிலும் காவல்துறை கேட்டபடி வங்கி தடை போடுகிறது. அந்தச் சங்கிலியில் உங்கள் கணக்கும் ஒரு கண்ணி.

வங்கியிடம் புகார் எண், எந்த மாநிலக் காவல் நிலையம், எவ்வளவு தொகை என்ற மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். முழுக் கணக்குக்கும் தடை இருந்தால், புகாருக்குரிய தொகைக்கு மட்டும் தடையைச் சுருக்கச் சொல்லிக் கடிதம் கொடுங்கள். ஆர்டர் எண், உரையாடல், காயின் போன பரிவர்த்தனை எண் ஆகியவற்றுடன் விசாரணை அதிகாரிக்கு விளக்கம் அனுப்புங்கள்.

இனிமேல், ஆர்டரில் உள்ள பெயரும் பணம் வந்த கணக்கின் பெயரும் ஒன்றாக இல்லாவிட்டால், தளம் பிடித்து வைத்திருக்கும் காயினை விடுவிக்காதீர்கள். 'தம்பி கணக்கிலிருந்து போடுகிறேன்' என்றால் ஆர்டரை ரத்து செய்து பணத்தைத் திருப்பி விடுங்கள். சந்தை விலையைவிட அதிகம் தருகிறேன் என்று வருபவரிடம் நான் சந்தேகத்தோடுதான் பேசுவேன். பணம் வந்ததா என்பதை எஸ்எம்எஸ்ஸை நம்பாமல் வங்கிச் செயலியில் பாருங்கள்.

கேள்வி: சிங்கப்பூர், ஜெர்மனி, பிரிட்டன், இலங்கை. நாங்கள் நாலு நண்பர்கள், நாலு நாட்டில். யாருக்கு எது பொருந்தும்?

பதில்: சிங்கப்பூரில் மூலதன ஆதாய வரி கிடையாது. ஆனால் வியாபாரமாகவே செய்தால் அது வருமானம், வரி உண்டு. உள்ளூர்க் கடன் அட்டையால் வாங்குவதற்கும், சில்லறை வாடிக்கையாளருக்குக் கடன் கொடுத்து வாங்கவைப்பதற்கும் நாணய ஆணையம் தடை விதித்திருக்கிறது.

ஜெர்மனி நண்பர் பொறுமைசாலியாக இருந்தால் அதிர்ஷ்டசாலி. ஓராண்டுக்கு மேல் வைத்திருந்து விற்றால் வரி இல்லை. அதற்குள் விற்றால், அந்த ஆண்டின் மொத்த லாபம் 1,000 யூரோவுக்குக் கீழே இருந்தால் வரி இல்லை. அது கழிவு அல்ல, எல்லைக்கோடு. தாண்டினால் முதல் யூரோவிலிருந்தே வரி. இடையில் வேறு காயினாக மாற்றினால் புதிய காயினுக்கு ஓராண்டுக் கணக்கு முதலிலிருந்து தொடங்கும்.

பிரிட்டனில் ஒரு நிறுவனத்திடம் முதல்முறை வாங்குபவர் 24 மணி நேரம் காத்திருக்க வேண்டும். 2023 அக்டோபரில் வந்த விதி இது. ஆண்டுக்கு 3,000 பவுண்டு வரை லாபத்துக்கு வரி இல்லை. விற்று 30 நாளுக்குள் அதே காயினைத் திரும்ப வாங்கினால் வாங்கிய விலையைக் கணக்கிடும் முறையே மாறிவிடும். நஷ்டம் காட்டுவதற்காக விற்று மறுநாள் வாங்குபவர்கள் இதில்தான் மாட்டுகிறார்கள்.

இலங்கையில் அட்டை வழியாகக் கிரிப்டோவுக்குப் பணம் செலுத்த முடியாது. வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்தின் கீழ் 2021-ல் பிறப்பித்த பணிப்புரை அதைத் தடுக்கிறது. மெய்நிகர் நாணயத்துக்கு எந்த நிறுவனத்துக்கும் உரிமம் தரவில்லை என்று மத்திய வங்கி பலமுறை எச்சரித்திருக்கிறது. தனிநபரிடம் வாங்கி ஏமாந்தால் முறையிடக் கண்காணிப்பு அமைப்பு எதுவும் இல்லை. அந்த நண்பருக்கு என் பதில், வேண்டாம் என்பதே.

கேள்வி: யூஎஸ்டிடியைத் தவறான நெட்வொர்க்கில் அனுப்பிவிட்டேன். போய்விட்டதா?

பதில்: எங்கே அனுப்பினீர்கள் என்பதைப் பொறுத்தது. நெட்வொர்க் என்பது காயின் போய்வரும் பாதை. எத்திரியம், பிஎன்பி செயின், பாலிகான் ஆகிய மூன்று நெட்வொர்க்கிலும் முகவரி 0எக்ஸ் என்று தொடங்கும், 42 எழுத்து. ஒரே சாவிக்கு (காயினை அனுப்ப அதிகாரம் தரும் ரகசிய எண்) மூன்றிலும் அதே முகவரிதான். உங்கள் சொந்த வாலட்டுக்கு அனுப்பியிருந்தால் காயின் அங்கேயே இருக்கிறது. வாலட்டில் அந்த நெட்வொர்க்கைச் சேர்த்தால் தெரியும். திருப்பி எடுக்க அந்த நெட்வொர்க்கின் சொந்தக் காயின் கொஞ்சம் வேண்டும், ஏனென்றால் கட்டணம் அதில்தான் கட்ட முடியும். ட்ரான் நெட்வொர்க்கில் யூஎஸ்டிடி வைத்துக்கொண்டு, அதன் சொந்தக் காயினான டிஆர்எக்ஸ் இல்லாமல் தவிப்பவர்கள் ஏராளம். அதுவும் இதுவரை யூஎஸ்டிடியே வராத முகவரிக்கு அனுப்பினால் கட்டணம் ஏறக்குறைய இரு மடங்கு.

எக்ஸ்சேஞ்ச் முகவரிக்கு அனுப்பியிருந்தால் சாவி அவர்களிடம். பரிவர்த்தனை எண்ணோடு எழுதுங்கள். எடுத்துத் தருவதும், கட்டணம் கேட்பதும், மறுப்பதும் அவர்கள் கையில். எக்ஸ்ஆர்பி, ஸ்டெல்லார் போன்றவற்றில் மெமோ அல்லது டேக் (பணம் எந்த வாடிக்கையாளருக்கு என்று காட்டும் எண்) விட்டுப்போனதும் இதே கதைதான், ஆனால் பெரும்பாலும் மீட்டுத் தருவார்கள்.

முதலில் சிறு தொகை அனுப்பிப் பாருங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். அந்தச் சிறு தொகை எக்ஸ்சேஞ்சின் குறைந்தபட்ச டெபாசிட்டைவிட அதிகமாக இருக்க வேண்டும் என்பதை யாரும் சொல்வதில்லை. குறைந்தால் கணக்கில் ஏறாது. பழைய பரிவர்த்தனைப் பட்டியலிலிருந்து முகவரியை நகலெடுக்கவும் வேண்டாம். முதல் நாலு, கடைசி நாலு எழுத்து ஒத்துப்போகும் போலி முகவரியிலிருந்து சில்லறை அனுப்பி, அதை அந்தப் பட்டியலில் நுழைத்துவிடுகிறார்கள். நடு எழுத்துகளையும் பாருங்கள்.

கேள்வி: காயினை எக்ஸ்சேஞ்சிலேயே விட்டுவைக்கலாமா, ஹார்ட்வேர் வாலட் (சாவியை இணையத்துக்கு வெளியே வைக்கும் சிறு கருவி) அவசியமா?

பதில்: 2014-ல் மவுண்ட் காக்ஸ், 2022-ல் எஃப்டிஎக்ஸ், 2024 ஜூலையில் வசிர்எக்ஸ். இந்த மூன்று எக்ஸ்சேஞ்சுகளிலும் வாடிக்கையாளர்கள் தங்கள் காயினை எடுக்க முடியாமல் நின்றார்கள். இழந்தால் வாழ்க்கை ஆடிப்போகும் அளவுத் தொகையா? வெளியே எடுங்கள். சின்னத் தொகையென்றால் எக்ஸ்சேஞ்சில் இருக்கட்டும். ஆனால் எஸ்எம்எஸ் ஓடிபிக்குப் பதிலாக உள்நுழையும் எண்ணைப் போனிலேயே உருவாக்கும் ஆத்தென்டிகேட்டர் செயலியோ, கடவுச்சொல்லுக்குப் பதிலாகச் சாதனத்திலேயே இருக்கும் பாஸ்கீயோ போடுங்கள்.

ஹார்ட்வேர் வாலட்டைத் தயாரிப்பாளரிடமோ அவர் அறிவித்த விற்பனையாளரிடமோ வாங்குங்கள். பெட்டிக்குள் மீட்புச் சொற்கள் (கருவி போனாலும் வாலட்டைத் திரும்ப உருவாக்கும் சொற்கள்) ஏற்கனவே அச்சிட்டு வந்திருந்தால் அது திருடனின் வாலட். சொற்களைக் கருவியே புதிதாக உருவாக்கித் தன் திரையில் காட்ட வேண்டும். 12 அல்லது 24 சொற்கள், 2,048 ஆங்கிலச் சொற்கள் கொண்ட பட்டியலிலிருந்து வருபவை. ஒவ்வொன்றின் முதல் நாலு எழுத்தும் தனித்துவமானது, அதனால் மீதி அழிந்தாலும் கண்டுபிடித்துவிடலாம். காகிதத்தில் எழுதுங்கள். போட்டோ எடுக்காதீர்கள், அது கிளவுடுக்குப் போய்விடும்.

அடுத்த வேலையைப் பலர் செய்வதில்லை. சிறு தொகை அனுப்பி வந்ததைப் பார்த்ததும், கருவியை வேண்டுமென்றே அழித்து, காகிதத்திலிருந்து மீட்டுப் பாருங்கள். அதே முகவரி, அதே தொகை வந்தால்தான் நீங்கள் எழுதியது சரி. அதன் பிறகே பெரிய தொகை. கருவியின் பின் (PIN) எண்ணைத் தவறாகப் போட்டால் லெட்ஜர் கருவி மூன்றாம் முறையிலும், ட்ரெஸார் கருவி இன்னும் சில முறைகளுக்குப் பிறகும் தன்னிடம் உள்ளதை அழித்துவிடும். அப்போது காகிதம் மட்டுமே மிச்சம்.

மீட்புச் சொற்களோடு தாங்களே தேர்ந்த ரகசியச் சொல்லையும் சேர்த்து, கூடுதல் பாஸ்ஃப்ரேஸ் வைப்பவர்களுக்கு ஒன்று: தவறாகத் தட்டினால் 'தவறு' என்று சொல்லாது, காலியான வேறொரு வாலட்டைத் திறக்கும். காயின் காணாமல் போனதாக அலறுபவர்களில் சிலருக்கு ஒரு பெரிய எழுத்துதான் பிரச்சினை. சொற்களைப் பாதிப்பாதியாகப் பிரித்து இரண்டு இடத்தில் வைப்பதை நான் ஆதரிக்கவில்லை. ஒரு பாதி தொலைந்தாலே எல்லாம் போச்சு. தொகை பெரிதென்றால் மூன்று சாவியில் இரண்டு போதும் என்ற மல்டிசிக் அமைப்பு நல்லது. மூன்று சாவிகளின் பொதுச்சாவி (முகவரிகளை உருவாக்க மட்டும் உதவும், காயினை அனுப்ப முடியாத பகுதி) விவரத்தையும் ஒவ்வொரு சாவியோடும் சேர்த்து வையுங்கள். அந்த விவரம் இல்லாவிட்டால் இரண்டு சாவி கையிலிருந்தும் வாலட்டைத் திரும்பக் கட்ட முடியாது.

பரிவர்த்தனைக்கு ஒப்புதலாகக் கையெழுத்திடும்போது கணினித் திரையை நம்பாமல் கருவியின் திரையைப் படியுங்கள். 2025 பிப்ரவரியில் பைபிட் எக்ஸ்சேஞ்சிலிருந்து சுமார் 150 கோடி டாலர் போனது எப்படி? கையெழுத்திட்டவர்கள் கணினியில் பார்த்தது ஒன்று, கையெழுத்து விழுந்தது வேறொன்று.

கேள்வி: வாரம் தோறும் கொஞ்சம் பிட்காயின் வாங்கி, உடனே வாலட்டுக்கு மாற்றுகிறேன். சரிதானே?

பதில்: மாற்றும் இடைவெளியை அதிகமாக்குங்கள். ஒவ்வொரு வரவும் வாலட்டில் தனித்தனித் துண்டாக இருக்கும். செலவழிக்கும்போது ஒவ்வொரு துண்டும் பரிவர்த்தனையில் இடம் பிடிக்கும், பிசி1க்யூ என்று தொடங்கும் முகவரியில் சுமார் 68 வைட் (பரிவர்த்தனையின் அளவை அளக்கும் அலகு). ஒரு வைட்டுக்கு 50 சடோஷி (பிட்காயினின் மிகச் சிறிய அலகு) கட்டணம் நடக்கும் நாளில் ஒரு துண்டுக்கு 3,400, நூறு துண்டுக்கு 3,40,000 சடோஷி. மூன்று மாதத்துக்கு ஒருமுறை சேர்த்து எடுங்கள்.

கேள்வி: இழந்த காயினை மீட்டுத் தருகிறோம் என்று ஒரு நிறுவனம் முன்பணம் கேட்கிறது.

பதில்: கொடுக்காதீர்கள். ஏமாந்தவர்கள் பட்டியலை வைத்துக்கொண்டு இரண்டாம் முறை ஏமாற்றும் கூட்டம் அது. மீட்புச் சொற்களைக் கேட்பவர் யாராக இருந்தாலும், தயாரிப்பாளரின் பெயரில் வந்தாலும், திருடர்தான்.

கேள்வி: எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் என் மனைவி எப்படி எடுப்பார்?

பதில்: சொற்களை உயிலில் எழுத வேண்டாம், அது பலர் கையில் படும். எந்த எக்ஸ்சேஞ்ச், எந்த வாலட், எந்த நெட்வொர்க், பாஸ்ஃப்ரேஸ் உண்டா இல்லையா, சொற்கள் எங்கே இருக்கின்றன என்று ஒரு பக்கக் குறிப்பு எழுதுங்கள். பிறகு ஒருநாள் அவரை உட்காரவைத்து, நீங்கள் வாயே திறக்காமல், அந்தக் குறிப்பை மட்டும் பார்த்து ஒரு சிறு தொகையை விற்று அவருடைய வங்கிக் கணக்குக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். எங்கே தடுமாறுகிறாரோ, குறிப்பில் அந்த இடத்தைத் திருத்துங்கள்.