கலுங்கைத் தாண்ட மறுக்கும் குதிரை

கேள்வி: கானாடுகாத்தான் அருகே மானாவாரி விவசாயம் செய்கிறேன். இங்குள்ள பழைய வீடுகளைப் பார்க்க வரும் பயணிகளைக் கண்மாய்க்கரை, ஐயனார் கோயில் வழியாகச் சவாரி அழைத்துச் செல்லலாம் என்று நான்கு வயது நாட்டுப் பெண்குதிரை ஒன்றை வாங்கியிருக்கிறேன். ஊருக்குள் சாதுவாக நடக்கிறது. கண்மாயின் உபரி நீர் வழியும் கலுங்கில் கணுக்கால் அளவு தண்ணீர் ஓடினாலும் நின்றுவிடுகிறது. அடித்தால் பின்வாங்கி முன்கால்களைத் தூக்குகிறது. மார்புச் சுற்றளவு 150 செ.மீ., உடல் நீளம் 140 செ.மீ. கோ-4 புல், சவுண்டல் (சூபாபுல்) தழை, அரிசித் தவிடு கொடுக்கிறேன். என்ன செய்யலாம்?

பதில்: முதலில் சாட்டையைக் கீழே வையுங்கள். உங்கள் குதிரை பிடிவாதம் பிடிக்கவில்லை, பயப்படுகிறது. குதிரையின் கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால் ஏறக்குறையச் சுற்றிலும் அதற்குத் தெரியும். ஆனால் இரு கண்ணாலும் சேர்ந்து பார்த்துத் தூரத்தையும் ஆழத்தையும் அளக்கும் பரப்பு முன்புறம் குறுகியது. தரையைச் சரியாகப் பார்க்க அது தலையைத் தாழ்த்த வேண்டும். நீங்கள் லகானை இறுக்கிப் பிடித்திருந்தால் அதுவும் முடியாது. செம்மண் கலங்கிய நீரில் அடி தெரிவதில்லை. மேலே வெயில் மின்னுகிறது. அந்த இடத்தில் அடியும் விழுந்தால், தண்ணீர் என்றாலே வலி என்று அதன் மனத்தில் பதிந்துவிடும். முன்கால்களைத் தூக்கும் குதிரை உங்கள் மேல் மல்லாந்து விழவும் கூடும்.

சில வாரங்களுக்குக் கலுங்குப் பக்கமே போகாதீர்கள். சேணம் இல்லாமல், மூன்று நான்கு மீட்டர் கயிறும் தலைக்கயிறும் கட்டித் தரையில் நின்றே பழக்குங்கள். கயிற்றை மெல்ல முன்னால் இழுத்துப் பிடியுங்கள். குதிரை ஓர் அடி வைத்த அந்தக் கணமே தளர்த்துங்கள். குதிரை கற்றுக்கொள்வது இழுப்பினால் அல்ல, தளர்வினால்தான். தளர்த்துவதில் இரண்டு மூன்று வினாடி தாமதித்தாலும் எதற்காகத் தளர்ந்தது என்று அதற்குப் புரியாது. பழக்குபவர்கள் பலரும் சறுக்குவது இந்த இடத்தில்தான். கையில் வலு இருந்து பயனில்லை, நேரம் தவறாத கை வேண்டும். முன்னால், பின்னால், பக்கவாட்டில், நில் என்ற நான்கும் தரையில் படிந்த பிறகே மேலே ஏறலாம்.

அடுத்து, வீட்டு முற்றத்தில் பழைய சாக்கையோ தார்ப்பாயையோ விரித்து, அதன் மேல் நடத்துங்கள். பிறகு கிணற்றடியில் தண்ணீர் விட்டுச் சேறாக்கி நடத்துங்கள். அது படிந்ததும், ஓட்டம் இல்லாத, அடி உறுதியான ஊருணி ஓரத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். எங்கே காது விறைத்துத் தலை உயர்கிறதோ அங்கேயே நிறுத்துங்கள். மூச்சு சீராகித் தலை தாழ்ந்ததும் திரும்பிச் சற்றுத் தூரம் அழைத்துப் போய், மறுபடி வாருங்கள். இம்முறை ஓரடி கூடுதலாக வரும். முகர்ந்து பார்க்கட்டும், குளம்பால் தண்ணீரைக் கிளறட்டும். பழகிய வயதான குதிரை அக்கம்பக்கத்தில் கிடைத்தால் முன்னே நடக்க விடுங்கள். பாதி வேலை முடிந்துவிடும்.

முதன்முறை கடக்கும்போது பெரும்பாலான குதிரைகள் நடக்காது, தாவும். ஆகவே நேர் முன்னால் நிற்காமல் தோளுக்குப் பக்கமாக நில்லுங்கள். கயிற்றை ஒருபோதும் கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள். கலுங்கின் கல்தளத்தில் பாசி வழுக்கும். பெருக்கெடுத்து ஓடும் நாட்களில் பயிற்சியே வேண்டாம். போகும்போது இடப்பக்கம் பார்த்துப் பழகிய பொருள், திரும்பும்போது வலப்பக்கம் வந்தால் புதிதாகத் தெரியலாம். கோயில் முன் வரிசையாக நிற்கும் மண்குதிரைகளையும் அப்படி இரு பக்கமிருந்தும் காட்டுங்கள். மண்குதிரைகளைக் கோயிலுக்குத் தூக்கிச் செல்லும் புரவி எடுப்பு நாட்களில் கொட்டுச் சத்தத்துக்கு நடுவே இந்த வயதுக் குதிரையைக் கொண்டுபோக வேண்டாம்.

பயிற்சியைவிட எனக்குக் கவலை தருவது உங்கள் தீவனம். சவுண்டலை இன்றே நிறுத்துங்கள். அதிலுள்ள மைமோசின் நஞ்சைச் சமாளிக்கும் நுண்ணுயிர்கள் ஆடு மாடுகளின் முன்வயிற்றில் உண்டு. குதிரைக்கு அந்த வயிறே இல்லை. பிடரி மயிரும் வால் மயிரும் கொட்டும், குளம்பும் கெடும். கோ-4 போன்ற நேப்பியர் வகைப் புற்களில் ஆக்சலேட் மிகுதி. அது சுண்ணாம்புச் சத்தைக் குடலிலேயே கட்டிப்போட்டுவிடும். பாஸ்பரஸ் மிகுந்த தவிடும் சேர்ந்தால் உடல் எலும்பிலிருந்து சுண்ணாம்பை உருவத் தொடங்கும். நாளடைவில் முக எலும்பு வீங்கும், நொண்டும். வரப்பில் விளையும் அருகம்புல்லை முதன்மையாக்குங்கள். பூஞ்சணம் பிடிக்காத காய்ந்த கடலைக்கொடி கொடுக்கலாம். கிணற்றுப் பாசனம் இருந்தால் அரைச் சென்ட்டிலாவது குதிரைமசால் போடுங்கள். பச்சைச் சோளத்தட்டை குதிரைக்கு ஆகாது. சவுண்டலைத் தவிர மற்ற மாற்றங்களைப் பத்து நாட்களில் படிப்படியாகச் செய்யுங்கள். திடீரென மாற்றினால் வயிற்றுவலி வரும், குதிரையால் வாந்தி எடுக்க இயலாது. உண்ணி மருந்து அடிக்கும்போதும் கவனம்: மாட்டுக்குப் பயன்படுத்தும் அமிட்ராஸ் குதிரையின் குடலை முடக்கிவிடும்.

சவாரிக்கு முன்னும் பின்னும் குளம்பைச் சுத்தம் செய்து சீமைக்கருவேல முள் இருக்கிறதா என்று பாருங்கள். குதிரைக்கு டெட்டனஸ் எளிதில் தொற்றும். தடுப்பூசி போட்டிராவிட்டால் இந்த வாரமே கால்நடை மருத்துவரைப் பாருங்கள். அப்படியே முதுகையும் பற்களையும் காட்டிவிடுங்கள். வலியாலும் குதிரை முரண்டு பிடிக்கும்.

இனி, நீங்கள் கேட்காத ஒன்று. மார்புச் சுற்றளவை அதே எண்ணால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 11,880 ஆல் வகுத்தால் எடை கிடைக்கும். உங்கள் குதிரை சுமார் 265 கிலோ. ஆளும் சேணமும் சேர்ந்து உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. அதாவது 53 கிலோ. சேணம் எட்டுக் கிலோ என்றால் ஏறுபவர் 45 கிலோவுக்குள் இருக்க வேண்டும். பெரியவர்கள் பலரை இது சுமக்கவே கூடாது. நான்கு வயதில் முதுகெலும்பு முழுதாக முற்றியும் இருக்காது; அதற்கு ஐந்தரை, ஆறு வயதாகும். எனவே இந்த ஆண்டு விருந்தினரை ஏற்றாதீர்கள். அதன் பிறகும், தலைக்கவசமும் குதிகால் வைத்த காலணியும் அணிந்த சிறுவர்களை, நீங்கள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடக்க, காலை வெயில் ஏறுமுன் அரை மணி நேரம் அழைத்துச் செல்லுங்கள். பெரியவர்களையும் ஏற்றுவதுதான் திட்டம் என்றால் இந்தக் குதிரை போதாது. 400 கிலோவுக்குக் குறையாத, ஏழெட்டு வயதான, தண்ணீரும் லாரிச் சத்தமும் பழகிய குதிரையை, வாங்குமுன் நீங்களே கலுங்கில் நடத்திப் பார்த்து வாங்குங்கள்.