சூட்டில் நின்றுபோகும் ரைடிங் மோவர்

வணக்கம் நண்பரே. டெக்சஸ் ஆகஸ்ட் வெயிலில் 40 நிமிடம் ஓடியதும் உங்கள் ரைடிங் மோவர் (உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டும் வண்டி) நின்றுவிடுகிறது, அரை மணி நேரம் ஆறவிட்டால் மறுபடி ஸ்டார்ட் ஆகிறது என்று எழுதியிருந்தீர்கள். கார்புரேட்டரில் இப்போதைக்குக் கை வைக்காதீர்கள்.

அடுத்த தடவை நின்றதும் பெட்ரோல் டேங்க் மூடியை மெதுவாகத் தளர்த்துங்கள். உஸ்ஸென்று காற்று உள்ளே போய், வண்டி உடனே கிளம்பினால் மூடியின் காற்றுத்துளை அடைத்திருக்கிறது. மூடியை மாற்றினால் போதும்.

இல்லையென்றால், இன்ஜின் நன்றாக ஆறியபின் மேலே உள்ள விசிறி உறையைக் கழற்றிப் பாருங்கள். எனக்குச் சந்தேகம் அங்கேதான். இது காற்றால் குளிரும் இன்ஜின். சிலிண்டரைச் சுற்றியுள்ள தகடுகளுக்கு நடுவே காய்ந்த புல் மெத்தை மாதிரி அப்பிக்கொள்ளும். என் வண்டியில் எலி கூடே கட்டியிருந்தது. வெளியே காற்று உள்ளே போகும் சல்லடை சுத்தமாக இருந்ததால் ஒரு கோடை முழுக்கத் தெரியவில்லை. பிரஷ்ஷால் தள்ளி எடுங்கள், தண்ணீர் அடிக்க வேண்டாம்.

அப்புறமும் நின்றால் இக்னிஷன் காயிலாக (ஸ்பார்க்குக்கு மின்சாரம் தரும் சுருள்) இருக்கலாம். சூடேறியதும் ஸ்பார்க் போய்விடும். நின்ற கையோடு ஸ்பார்க் டெஸ்டர் வைத்துப் பாருங்கள், ஆறியபின் பார்த்தால் தெரியாது.

ஆயில் அளவை ஒவ்வொரு தடவையும் பாருங்கள். இந்த வெயிலில் 10டபிள்யூ-30 ஆயில் சீக்கிரம் குறையும். உங்கள் இன்ஜின் கையேடு அனுமதித்தால் எஸ்ஏஇ 30 ரக ஆயில் ஊற்றுங்கள்.