தலைப்பு வரும், கேள்வி வராது

கேள்வி: என் மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். அடுத்த மாதம் பள்ளியில் கட்டுரைத் தேர்வு. ‘சமகாலப் பிரச்சினைகள்’ என்பதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. பயிற்சி மையத்தில் ‘கட்டாயம் வரும் 25 தலைப்புகள்’ என்று ஒரு தொகுப்பை விலைக்குக் கொடுத்தார்கள். தினமும் ஒரு கட்டுரையை மனப்பாடம் செய்கிறாள். நான்காவதைப் படிக்கும்போது முதலாவது மறந்துவிடுகிறது. என்ன செய்யலாம்?

பதில்: மனப்பாடத்தை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். ‘கட்டாயம் வரும்’ என்று விற்பவருக்கு வினாத்தாள் முன்பே தெரியும் என்றால் அது குற்றம். தெரியாது என்றால் வெறும் ஊகம். ஊகத்துக்கு எதற்குப் பணம்? காலநிலை, சமூக ஊடகம், வேலையின்மை, நெகிழி, செயற்கை நுண்ணறிவு என்று 25 தலைப்புகளை அடுக்கிவிட்டால் எந்த வினாத்தாளும் அவற்றில் ஒன்றைத் தொடத்தான் செய்யும். பிறகு ‘பார்த்தீர்களா, வந்துவிட்டது’ என்று அடுத்த ஆண்டுப் பிள்ளைகளுக்கு விளம்பரம். தலைப்பு வந்திருக்கும், கேள்வி வந்திருக்காது.

மதிப்பெண் போவது அங்கேதான். ‘நெகிழியின் தீமைகள்’ என்று உருப்போட்டுப் போன பிள்ளையிடம், ‘நெகிழியைத் தடை செய்தால் மட்டும் போதுமா?’ என்று கேட்பார்கள். பிள்ளை மூன்று பக்கம் தீமைகளை எழுதிவிட்டு வரும். ‘போதும்’, ‘போதாது’ என்ற சொல் ஓரிடத்திலும் இருக்காது. திருத்துபவரோ அதே முன்னுரையை அன்று காலையிலிருந்தே படித்துச் சலித்திருப்பார்.

தொகுப்பில் உலக மக்கள்தொகை எவ்வளவு என்று பாருங்கள். 700 கோடி என்று இருந்தால் அது 2011ஆம் ஆண்டுக் கணக்கு. 2022 நவம்பரில் 800 கோடியைத் தொட்டுவிட்டதாக ஐ.நா. அறிவித்தது. ஆண்டுதோறும் அட்டையை மட்டும் மாற்றுபவர்களுக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது? ‘ஓசோன் படலத்தில் ஓட்டை விழுந்ததால் பூமி சூடாகிறது’ என்ற வரியும் அநேகமாக இருக்கும். அடித்துவிடுங்கள். ஓசோனைச் சிதைத்தவை குளிர்பதனக் கருவிகளிலும் தெளிப்பான்களிலும் பயன்பட்ட குளோரோ புளோரோ கார்பன்கள். பூமி சூடாவதற்கு முதன்மைக் காரணம் நிலக்கரியும் பெட்ரோலும் எரிந்து காற்றில் சேரும் கார்பன் டை ஆக்சைடு. இரண்டும் வேறு வேறு பிரச்சினைகள்.

ஐந்து பிரச்சினைகள் போதும். ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் குறிப்பு: யாருக்குப் பாதிப்பு, எதனால், இதுவரை என்ன செய்தார்கள், அது ஏன் போதவில்லை, மறுதரப்பு என்ன சொல்கிறது. ஓசோனையே எடுத்துக்கொள்ளட்டும். 1987இல் ஓசோனைச் சிதைக்கும் ரசாயனங்களைக் கட்டுப்படுத்த மான்ட்ரியல் உடன்படிக்கை உருவானது, காலப்போக்கில் ஐ.நா. உறுப்பு நாடுகள் அனைத்தும் அதை ஏற்றன. படலம் மெல்ல மீண்டு வருகிறது. ‘அறிவியல் நன்மையா தீமையா’, ‘உலக நாடுகள் ஒன்றுபட முடியுமா’, ‘காலநிலை மாற்றத்தைத் தடுக்க முடியுமா’ ஆகிய மூன்று கேள்விகளுக்கும் இந்த ஒரே செய்தி உதவும். மூன்றாவதற்கு மட்டும் ஒரு படி மேலே போக வேண்டும். ஓசோனைக் கெடுத்த ரசாயனங்களுக்கு மாற்று கிடைத்தது, அவற்றைத் தயாரித்த நிறுவனங்களும் குறைவு. நிலக்கரியும் எண்ணெயும் மின்சாரம், போக்குவரத்து, தொழிற்சாலை என்று எல்லாவற்றிலும் இருக்கின்றன. காலநிலை மாற்றத்தைத் தடுப்பதற்கான 2015ஆம் ஆண்டுப் பாரிஸ் ஒப்பந்தத்தில் ஒவ்வொரு நாடும் தன் இலக்கைத் தானே நிர்ணயித்துக்கொள்கிறது. ‘அங்கே முடிந்தது, இங்கே ஏன் கடினம்?’ என்று ஒரு பத்தி எழுதினால் அது அவளுடைய சொந்தக் கட்டுரை. எந்தத் தொகுப்பிலும் அது கிடைக்காது.

மேற்கோள்களைத் தொட வேண்டாம். ‘தேனீக்கள் அழிந்தால் மனிதன் நான்கு ஆண்டுகளே வாழ்வான்’ என்று ஐன்ஸ்டைன் சொன்னதாக எழுதாத பிள்ளை இல்லை. அவர் அப்படிச் சொன்னதற்கு ஆதாரமே இல்லை. இதில் ஒரே ஒரு விலக்கு உண்டு: பொது ஆவணங்கள். 1948ஆம் ஆண்டு உலக மனித உரிமைகள் பிரகடனத்தின் 26ஆவது பிரிவு, கல்வி பெறும் உரிமை எல்லோருக்கும் உண்டு என்கிறது. இதைத் தாராளமாகக் காட்டலாம். ஆனால் மேற்கோள் குறி போடாமல் கருத்தைத் தன் சொற்களில் எழுத வேண்டும். பிரிவின் எண்ணில் சந்தேகம் வந்தால் எண்ணை விட்டுவிட்டுப் பிரகடனத்தின் பெயரை மட்டும் சொல்ல வேண்டும். முன்னுரையில் அலங்காரமாக வைக்கக் கூடாது; வாதத்துக்குத் தேவைப்படும் இடத்தில்தான் வர வேண்டும். வந்தபின் அடுத்த வரியிலேயே, அந்த உரிமை இன்று யாருக்குக் கிடைக்கவில்லை என்று அவள் சொல்ல வேண்டும். சொல்ல எதுவும் இல்லையென்றால் பிரகடனமும் வேண்டாம்.

செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கட்டுரை வாங்குவதும் தொகுப்பு வாங்குவதும் ஒன்றுதான். இல்லாத ஆய்வையும் இல்லாத எண்ணையும் அது கூசாமல் எழுதித் தரும்.

பள்ளியையும் சும்மா விட முடியவில்லை. ‘சமகாலப் பிரச்சினைகள்’ என்று இரண்டு சொற்களை அறிவிப்பில் போட்டுவிட்டு, எதைப் படிப்பது என்று ஒரு வரி சொல்லவில்லை. கட்டுரை எழுதக் கற்றுக்கொடுப்பதற்கு நேரம் இல்லை, தேர்வு வைக்க மட்டும் நேரம் இருக்கிறது! தொகுப்பு வியாபாரிகள் நுழைவதற்கு இந்தக் கதவுதான் வசதி. பக்கங்களை எண்ணி மதிப்பெண் போடுகிறவர்களும் இருக்கத்தான் செய்கிறார்கள். அவர்களுக்காக எழுதப் பழகினால் பிள்ளைக்கு வளவள என்று எழுதும் பழக்கம்தான் மிஞ்சும்.

மீதி நாள்களில் வாரம் இரண்டு கட்டுரை, கையால், கடிகாரத்தை வைத்து எழுதட்டும். ஒரு மணி நேரத் தேர்வென்றால் முதல் பத்து நிமிடம் பேனா கட்டுரையைத் தொடக் கூடாது. கேள்வியை அடிக்கோடிட்டு, தன் பதிலை ஒரே வரியில் ஓரத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். திருத்த ஆசிரியர் கிடைக்கவில்லையே என்று கவலைப்படாதீர்கள். கேள்வியை மறைத்துவிட்டுக் கட்டுரையை மட்டும் நீங்கள் படியுங்கள். என்ன கேள்விக்கு எழுதியிருக்கிறாள் என்று உங்களால் சொல்ல முடியவில்லையென்றால் அதை மறுநாள் திரும்ப எழுதச் சொல்லுங்கள்.