பழைய பென்ஸ் வாங்குவோருக்கு: 123, 124 கேள்வி பதில்

கேள்வி: 1976இல் வந்த டபிள்யூ123, 1984 இறுதியில் வந்த டபிள்யூ124, இந்த இரண்டு பென்ஸ் மாடல்களும் பெரும்பாலும் பின்சக்கர இயக்கம்தான். ஓட்டும்போது அப்படி என்ன வேறுபாடு?

பதில்: பெரிய வேறுபாடு பின் சஸ்பென்ஷனில் இருக்கிறது. 123இல் ஒவ்வொரு பின்சக்கரத்தையும் காரின் அடிப்பகுதியோடு இணைத்து, சாய்வாகப் பொருத்திய ஒரே கை தாங்குவதால், ஸ்பிரிங் அமுங்கி விரியும்போது சக்கரத்தின் சாய்வும் அது நோக்கும் திசையும் சேர்ந்தே மாறுகின்றன. நனைந்த சாலையில், வளைவின் நடுவே ஆக்சிலரேட்டரிலிருந்து சட்டென்று காலை எடுத்தால் எடை முன்னே சென்று, பின்பகுதி வெளிப்பக்கம் நழுவப் பார்க்கும். 124இல் இருப்பது, 1982இன் 190 காரில் முதலில் வந்த ஐந்து தண்டு அமைப்பு. சக்கரம் எவ்வளவு ஏறி இறங்கினாலும் அதன் திசை ஏறக்குறைய மாறாமல் இருக்க, அந்தத் தண்டுகள் ஒன்றையொன்று ஈடுசெய்கின்றன. ஆனால் அவற்றின் இணைப்புகளில் உள்ள ரப்பர் புஷ்கள் தேய்ந்துவிட்டால் நேர்ச்சாலையிலேயே பின்பகுதி அலையும்.

கேள்வி: பின்பகுதி நழுவுவதுதானே பின்சக்கர இயக்கத்தின் சுவை? 124 அதைக் கொன்றுவிட்டது.

பதில்: இதை நான் ஏற்கவில்லை. ஆக்சிலரேட்டரை அழுத்தி, ஓட்டுநர் விரும்பி வரவழைக்கும் நழுவல் வேறு. பயந்து காலை எடுத்தவரை மேலும் பயமுறுத்தும் நழுவல் வேறு. 123 வரிசையின் டீசல் மாடலான, 72 குதிரைத்திறனைத் தாண்டாத 240டி காரில் உங்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் இரண்டாவதுதான்.

கேள்வி: எனக்கு இன்னும் 123தான் உயிரோட்டமாகத் தெரிகிறது.

பதில்: தெரியட்டும். மழையில் மட்டும் வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடுங்கள்.

கேள்வி: 123 டீசல். சாவியைத் திருப்பினாலும் இன்ஜின் நிற்பதில்லை.

பதில்: இந்த இன்ஜினை நிறுத்துவது மின்சாரம் அன்று, வெற்றிடம், அதாவது குழாய்களில் காற்றை உறிஞ்சி உண்டாக்கும் இழுவிசை. கதவுப் பூட்டுகளும் அதே வெற்றிடத்தால் இயங்குவதால், ஒரு கதவுக்குள் குழாய் வெடித்திருந்தாலும் இன்ஜின் நிற்காமல் ஓடலாம். அதைச் சரிசெய்யும்வரை பானெட்டைத் திறந்து, இன்ஜின் மேல் ‘ஸ்டாப்’ என்று எழுதிய நெம்புகோலை அழுத்தி நிறுத்துங்கள். பிறகு பூட்டுகளுக்குச் செல்லும் குழாயைத் தனியே அடைத்துச் சோதியுங்கள்.

கேள்வி: 124இல் ஆட்டோமேட்டிக் கியர் உதைக்கிறதே?

பதில்: அது என் துறை அன்று, கியர்பாக்ஸ் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

கேள்வி: இரண்டில் எதை வாங்கலாம்?

பதில்: துரு குறைவாக உள்ளதை.

கேள்வி: 1994 மாடல் 124, புதுப் பெயின்ட், குறைந்த கிலோமீட்டர். வாங்கலாமா?

பதில்: மீண்டும் அதே கேள்வி, மீண்டும் அதே எச்சரிக்கை. பெயின்ட்டையும் மீட்டரையும் பார்த்துக் கார் வாங்காதீர்கள். அந்த ஆண்டுகளின் பெட்ரோல் இன்ஜின்களில் வயரிங்கின் மேலுறை தானாகவே உதிர்ந்துவிடும். மாற்றியிருக்கிறார்களா என்று கேளுங்கள். 1989க்குப் பின் வந்த 124இன் பக்கவாட்டு பிளாஸ்டிக் பலகைகள் ஜாக் வைக்கும் இடங்களைச் சுற்றிய துருவை மறைத்துவிடுகின்றன. அவற்றைக் கழற்றிப் பார்க்க விற்பவர் சம்மதிக்கவில்லை என்றால் அந்தக் காரை விட்டுவிடுங்கள்.